ஒரே ட்ரெய்லர், ரெண்டு பிக்கப்: ஃபோர்ட் வொர்த்திலிருந்து டில்லன் ஏரி வரை

வெள்ளி இரவு, ஃபோர்ட் வொர்த், டெக்சஸ்

நாளைக் காலை கிளம்பணும், இன்னும் பாதி சாமான் ஏறவில்லை. பக்கத்துத் தெரு அண்ணன் போன வருஷம் ஒரு 22 அடி ட்ராவல் ட்ரெய்லர் வாங்கினார். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற பெட்டி. அதை இழுத்துக்கொண்டு ரெண்டு குடும்பமும் கொலராடோ மலைக்குப் போகிறோம். அண்ணனிடம் ஃபோர்டு எஃப்-150, நாலு கதவு, 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட். என்னிடம் அதே கம்பெனியின் ரேஞ்சர், 2.3 லிட்டர். ரெண்டுமே டர்போ, ரெண்டிலும் 10 கியர். என் வண்டியால் இந்த மாதிரி ஒரு பெட்டியை இழுக்க முடியுமா, இல்லை பெரிய ட்ரக்குக்கு மாறணுமா என்று ஒரு வருஷமாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன். அதனால் வழியில் ட்ரெய்லரை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு.

அண்ணன் நாமக்கல்காரர். அப்பா காலத்தில் வீட்டில் லாரி ஓடியது, லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தவர். எனவே லோடு விஷயத்தில் அவர் சொன்னால் நான் மறுபேச்சு பேசுவதில்லை. முதலில் அவர் கேட்டது, "உன்ர வண்டி எவ்வளவு இழுக்கும்னு கேக்கல தம்பி, எவ்வளவு சொமக்கும்னு சொல்லு."

இது முக்கியமான கேள்வி, பலர் இதைக் கேட்பதே இல்லை. ரேஞ்சருக்கு விளம்பரத்தில் 7,500 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருக்கும். ட்ரெய்லர் சாமானோடு 5,300 பவுண்டு. அப்போ 2,200 மிச்சம் இருக்கே, ஜாலி என்று தோன்றும். ஆனால் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று. அதுதான் பேலோடு. என் வண்டியில் 1,510. ட்ரெய்லரின் மூக்கு வண்டியின் பின்பக்கத்தில் உட்காரும் எடை, அதாவது டங் வெயிட், ட்ரெய்லர் எடையில் 10-லிருந்து 15 சதவீதம் இருக்கணும், குறைந்தால் ட்ரெய்லர் ஆடும். இந்தப் பெட்டிக்கு 690 வந்தது. அந்த 690-ம் பேலோடு கணக்கில்தான் சேரும். ட்ரெய்லரைக் கோக்கும் இரும்புக் கொக்கி, அதாவது ஹிட்ச், 90. நான், மனைவி, ரெண்டு பிள்ளைகள், 445. பின்னால் ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலி, அரிசி மூட்டை வரை 200. கூட்டினால் 1,425. மிச்சம் 85 பவுண்டு. இழுவையில் 2,200 மிச்சம், சுமையில் ஒரு பள்ளிக்கூடப் பையன் எடை கூட மிச்சமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் அண்ணனின் எஃப்-150 ஸ்டிக்கரைப் பார்த்தோம், 1,560. ஐம்பதே ஐம்பது பவுண்டுதான் கூட! அவர் வண்டி தோல் சீட்டு, கண்ணாடிக் கூரை, 36 கேலன் டாங்கு என்று எல்லாம் போட்ட உயர்ந்த மாடல். அந்தச் சொகுசின் எடை எல்லாம் பேலோடிலிருந்துதான் கழியும். அதே எஃப்-150-ஐ வெறும் வேலைக்கார மாடலாக வாங்கினால் இதைவிட நிறையச் சுமக்கும். அண்ணிக்கு இது தெரிந்தபோது அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

சரி, தூங்கப் போகிறேன்.

சனி, ஃபோர்ட் வொர்த் – அமரில்லோ

முதல் நாள் ரேஞ்சர் இழுத்தது. கட்டுவதற்கே ஒரு மணி நேரம். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்று ஒன்று போடணும். ரெண்டு இரும்புக் கம்பிகள் ட்ரெய்லர் சட்டத்தோடு முறுக்கி நிற்கும், பின்னால் அழுத்தும் எடையில் ஒரு பங்கை முன்சக்கரத்துக்கும் இன்னொரு பங்கை ட்ரெய்லர் ஆக்சிலுக்கும் தள்ளிவிடும். அண்ணன் அளவு டேப்பை எடுத்து முன்சக்கர வளைவின் உயரத்தைக் கட்டுவதற்கு முன் அளந்தார், 35 அரை அங்குலம். ட்ரெய்லரை வெறுமனே உட்கார வைத்ததும் முன்பக்கம் தூக்கிக்கொண்டு 36 அரை. கம்பியை மாட்டியதும் 35 முக்கால். "இப்பத்தான் ஸ்டீரிங் உன் பேச்சக் கேக்கும்" என்றார். முன்சக்கரம் லேசாகிப்போனால் திருப்புவதற்கும் பிரேக் பிடிக்கவும் தரையில் பிடிப்பு இருக்காது. சின்ன வண்டியில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் ஆக்சில் ரெண்டுக்கும் நடுவே நீளம் கம்மி. ரேஞ்சருக்கு 127 அங்குலம், அவர் வண்டிக்கு 145.

ட்ரெய்லர் பிரேக்குக்கான கண்ட்ரோலர் அவர் வண்டியில் டாஷ்போர்டிலேயே இருக்கிறது. எனக்கு வெளியில் வாங்கி முழங்காலுக்கு மேல் திருகி வைத்திருக்கிறேன், ஏறும்போதெல்லாம் முட்டியில் இடிக்கிறது. கண்ணாடியும் அப்படியே. ட்ரெய்லர் 8 அடி அகலம், ரேஞ்சர் 6 அடிக்குக் கொஞ்சம் மேல். வண்டிக் கண்ணாடியில் பார்த்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அதனால் கண்ணாடி மேல் மாட்டும் நீட்டுக் கண்ணாடி. 60-க்கு மேல் போனால் அது படபடவென்று நடுங்கி, பின்னால் வரும் ஒரு லாரியை ரெண்டாகக் காட்டியது.

டிகேட்டர் தாண்டுவதற்கு முன்பே ஒரு லாரி ஸ்டாப்பில் எடைமேடை ஏறினோம். நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற, கேட் ஸ்கேல் (CAT Scale) என்கிற இந்த எடைமேடை மூன்று பலகையாக இருக்கும், முன் ஆக்சில், பின் ஆக்சில், ட்ரெய்லர் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். 18 சக்கர லாரிகளுக்கு நடுவில் நம் வண்டியைக் கொண்டு நிறுத்தக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. சீட்டில் வந்தது: முன் 2,500, பின் 3,380, ட்ரெய்லர் 4,700. வண்டி மட்டும் 5,880. ஸ்டிக்கரில் வண்டியின் மொத்த எடை வரம்பு 6,050. தேறியாச்சு, ஆனால் பாஸ் மார்க்தான்.

அப்புறம் யுஎஸ் 287. விசிட்டா ஃபால்ஸ் வரை நிம்மதி. இஞ்சின் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, 310 பவுண்டு-அடி டார்க், அதாவது சுழற்று விசை, சமதரையில் தாராளம். வெர்னன், குவானா, சில்ட்ரஸ் என்று ஊர்கள் தள்ளித் தள்ளி வர ஆரம்பித்ததும் தென்மேற்கிலிருந்து காற்று. டெக்சஸின் இந்த மூலையில் மரமும் கிடையாது மேடும் கிடையாது, காற்றுக்குத் தடையே இல்லை. ட்ரெய்லரின் பக்கச் சுவர் முழுக்கப் பாய்மரம் மாதிரி அதை வாங்கிக்கொள்கிறது. அதோடு எதிரிலும் பக்கத்திலும் லாரிகள். ஒரு லாரி நம்மைத் தாண்டும்போது முதலில் அதன் முன்காற்று ட்ரெய்லரின் பின்பக்கத்தை வெளியே தள்ளும், பிறகு லாரியின் நடுப்பகுதி வரும்போது உள்ளே இழுக்கும். இது ரெண்டும் ஒரு இரண்டு விநாடிக்குள் நடக்கும். ரேஞ்சரின் பின்பக்கம் அதைக் கேட்டு ஒரு அசைவு அசையும், நான் ஸ்டீரிங்கில் ஒரு திருத்தம் செய்வேன், சரியாகும். ஆபத்தில்லை. ஆனால் நாலு மணி நேரம் அதையே செய்துகொண்டிருந்தால் தோள்பட்டை கழன்றுவிடும்.

கிளாரண்டன் பக்கத்தில் ஒரு தடவை மட்டும் ஆட்டம் ரெண்டு மூன்று முறை நீண்டது. அண்ணன் காலையிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்: கால் பிரேக்கைத் தொடாதே, கண்ட்ரோலரில் இருக்கும் நெம்புகோலைக் கையால் மெல்ல அழுத்தி ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடி, பெட்டி பின்னாலிருந்து இழுத்து நேராகிவிடும். அப்படியே ஆனது. வேகத்தை 60-க்குக் குறைத்துக்கொண்டேன். பின்னால் எஃப்-150-இல் வந்த அண்ணி, தூரத்திலிருந்து பார்க்க ட்ரெய்லர்தான் வண்டியைத் தள்ளுகிற மாதிரி இருந்தது என்றார். 5,300 பவுண்டு பெட்டி, 4,500 பவுண்டு வண்டி, அவர் சொன்னதில் தப்பில்லை.

அமரில்லோ வந்து சேர ராத்திரி எட்டு. மூன்று தடவை பெட்ரோல். ரேஞ்சருக்கு 18 கேலன் டாங்கு, கேலனுக்கு 9 மைல்தான் வந்தது.

ஞாயிறு, அமரில்லோ – ரட்டோன்

இன்று எஃப்-150. ஹிட்ச்சின் தலையைக் கழற்றி ரெண்டு துளை கீழே இறக்கி மாட்டணும், ஏனென்றால் பெரிய வண்டியின் பின்பக்கம் உயரம். பெரிய போல்ட் ரெண்டு, டார்க் ரென்ச்சில் முழு உடம்பையும் கொடுத்து முறுக்கணும். அண்ணன் காலை ஆறு மணிக்கே லுங்கியோடு இதைச் செய்துகொண்டிருந்தார், பக்கத்து இடத்தில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரத் தாத்தா காப்பிக் கோப்பையோடு வந்து நின்று லுங்கி நல்ல யோசனை என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

டூமஸ், டால்ஹார்ட், டெக்ஸ்லைன், அப்புறம் நியூ மெக்சிகோவில் கிளேட்டன். நேற்றைய அதே காற்று, இன்னும் பலமாக. நான் ஓட்டினேன். சொல்ல ஒன்றுமே இல்லை என்பதுதான் சொல்ல வேண்டியது. லாரி தாண்டும், சீட்டில் ஒரு சின்ன உதறல் வரும், முடிந்தது. ஸ்டீரிங்கைத் திருத்தவே தேவையில்லை. வண்டி 5,000 பவுண்டுக்கு மேல், 80 அங்குல அகலம், நீளமான சட்டம். ட்ரெய்லரின் மூக்கு இழுக்கும் பக்கமெல்லாம் போக அது மறுக்கிறது. முரட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போகும்போது கயிறு சின்னப் பையன் கையில் இருப்பதற்கும் பெரிய ஆள் கையில் இருப்பதற்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு.

ஆனால் பெட்ரோல்? அதே 9, சில இடத்தில் 9 அரை. இதை எதிர்பார்க்கவில்லை என்று மனைவி சொன்னார். 8 அடி அகலம், 10 அடிக்கு மேல் உயரம் இருக்கிற ஒரு சுவரைக் காற்றுக்குள் தள்ளிக்கொண்டு போகிற செலவு எந்த இஞ்சினாக இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். சின்ன வண்டி மிச்சம் பிடிக்கும் என்பது வெறும் வண்டியாக ஓடும்போது மட்டும். வித்தியாசம் டாங்கில். 36 கேலன் இருந்ததால் கிளேட்டனிலிருந்து ரட்டோன் வரை 80 மைலுக்கு மேல் ஒன்றுமே இல்லாத புல்வெளியில் நான் பெட்ரோல் முள்ளைத் திரும்பியே பார்க்கவில்லை. ரேஞ்சராக இருந்தால் கிளேட்டனில் நிரப்பியே ஆகணும்.

வழியில் கபுலின் எரிமலை. எரிமலை அடங்கி ஆயிரக்கணக்கான வருஷம் ஆச்சு, இப்போது கச்சிதமான கூம்பு. உச்சி வரை சாலை சுற்றிச் சுற்றி ஏறுகிறது, ஆனால் ட்ரெய்லரோடு ஏறக்கூடாது. கீழே எஃப்-150-ஐயும் பெட்டியையும் விட்டுவிட்டு எல்லோரும் ரேஞ்சரில் நெருக்கிக்கொண்டு ரெண்டு நடையாக மேலே போனோம். உச்சி 8,182 அடி. அங்கிருந்து பார்த்தால் கறுப்பு எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த தடம் புல்வெளியில் மைல் கணக்கில் தெரிகிறது. பிள்ளைகள் எரிமலை வாய்க்குள் இறங்கிப் போய்விட்டு ஏற முடியாமல் திணறினார்கள்.

திங்கள், ரட்டோன் – கொலராடோ ஸ்பிரிங்ஸ்

மறுபடி ரேஞ்சர், மலைக்காக. பிள்ளைகளையும் ஐஸ் பெட்டியையும் அண்ணன் வண்டிக்கு மாற்றினோம். 200 பவுண்டு குறைந்ததில் பின்பக்கம் கண்ணால் பார்த்தாலே தெரிகிற மாதிரி மேலே வந்தது.

ரட்டோன் கணவாய் 7,834 அடி. ஊரே 6,600 அடிக்கு மேல் இருப்பதால் ஏற்றம் ரொம்ப நீளமில்லை. டர்போ இல்லாத இஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும். டர்போ அதைப் பெரும்பாலும் ஈடு கட்டிவிடும். 50 மைலில் போனேன், இஞ்சின் 4,500-இல் கத்தியது, மனைவி பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். ஏறிவிட்டது. இழுக்குமா என்ற கேள்விக்கு இதுதான் பதில், இழுக்கும்.

இறக்கத்தில்தான் கதை. டோ/ஹால் மோடில் போட்டால் கியர்பெட்டி தானே கீழ்க் கியருக்கு இறங்கி இஞ்சினாலேயே வண்டியைப் பிடிக்கும். 2.3 லிட்டர் இஞ்சின் எவ்வளவுதான் பிடிக்கும், பாவம். மூன்றாவது கியரில் அலறிக்கொண்டே வேகம் 50, 52, 55 என்று ஏறும், நான் பிரேக்கை ஒரு முறை நன்றாக அழுத்தி 45-க்குக் கொண்டு வந்து விடுவேன், மறுபடி ஏறும். விட்டு விட்டு அழுத்தணும், காலை வைத்தபடியே இருந்தால் பிரேக் காய்ந்து கருகிவிடும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கினவர் அண்ணன். "எந்தக் கியர்ல ஏறுனயோ அதே கியர்ல எறங்கு" என்று வாக்கிடாக்கியில் ஓதிக்கொண்டே முன்னால் போனார். டிரினிடாடில் நிறுத்திச் சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனால் அனல். பிரேக் வாசம் லேசாக இருந்தது. அரை மணி ஆறவிட்டோம், அண்ணி எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்தார்.

இங்கே ஒன்று சொல்லணும். இந்த 7,500 என்கிற எண் சும்மா வருவதில்லை. எஸ்ஏஇ ஜே2807 என்று ஒரு பொதுச் சோதனை முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டிலிருந்து ஏறும் 11.4 மைல் சாலையை வைத்துத்தான் அதில் ஏற்றச் சோதனை. கொதிக்கும் வெயிலில் ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, குறித்த எடையோடு 40 மைலுக்குக் குறையாமல் ஏறணும். கிளம்பும் வேகம், பிரேக், ஆட்டம் எல்லாவற்றுக்கும் தனிச் சோதனை உண்டு. எல்லாம் சரி. ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் ஆளுக்கு 150 பவுண்டு வீதம் ரெண்டு பேர்தான். பிள்ளைகள் இல்லை, ஜெனரேட்டர் இல்லை, அரிசி மூட்டை இல்லை. டெக்சஸ் காற்றும் இல்லை. குடும்பத்தோடு போகிறவன் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் எப்படி?

செவ்வாய், கொலராடோ ஸ்பிரிங்ஸ் – டில்லன்

எஃப்-150, அண்ணன் ஓட்டினார், நான் பக்கத்தில். மான்யுமென்ட் மேடு 7,352 அடி, பேச்சுவாக்கில் தாண்டிவிட்டோம். டென்வர் நெரிசலைப் பற்றி எழுதிப் பிரயோஜனமில்லை.

ஐ-70-இல் மேற்கே திரும்பியதும் மலை சுவராக எழுகிறது. ஐடஹோ ஸ்பிரிங்ஸ், ஜார்ஜ்டவுன், அப்புறம் ஐசன்ஹோவர் சுரங்கம். ரெண்டு துளை, மேற்கே போவது 1973-இல் திறந்தது, கிழக்கே வருவது 1979-இல். மேற்கு வாசல் 11,158 அடி உயரம். எஃப்-150 மூச்சே விடவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் அதுவும் 4,000 சுற்றைத் தொட்டது. ஆனால் 60-இல் ஏறியது, ஏசியோடு, நாங்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் சில்வர்தார்ன் வரை 8 மைல் இறக்கம், 7 சதவீதம். பிக்கப் சோதிக்கிற யூடியூப்காரர்களுக்கு இதுதான் மைதானம், கீழேயிருந்து மேலே, மேலேயிருந்து கீழே என்று ஒவ்வொரு புது ட்ரக்கையும் இங்கேதான் வதைப்பார்கள். சாலையோரத்தில் பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கான சரளைக்கல் மேடுகள் இருக்கின்றன. அண்ணன் சுரங்கத்துக்குள்ளேயே 50-க்குக் குறைத்து, கீழ்க் கியரில் போட்டு, வெளியே வந்தவுடன் வண்டியை அதன் போக்கில் விட்டார். 8 மைலுக்கும் பிரேக்கை நாலு தடவையோ ஐந்து தடவையோதான் தொட்டார். நான் எண்ணிக்கொண்டே வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"இஞ்சின் பெருசு, அது புடிக்குது. எனக்கு இதுல பெருமை ஒண்ணுமில்லீங்க தம்பி" என்றார். கொஞ்சம் பெருமை இருந்தது.

புதன், வியாழன், டில்லன் ஏரி

ட்ரெய்லரைக் கழற்றிவிட்டோம். மலை, ஏரி, ராத்திரியில் ஜூன் மாதத்திலும் குளிர். இதையெல்லாம் படமாகப் போடுகிறேன், எழுதினால் எல்லோர் எழுத்தும் போலத்தான் இருக்கும்.

ஆனால் இந்த ரெண்டு நாளும் ரேஞ்சரின் நாள். பிரெக்கன்ரிட்ஜ் ஊருக்குள் அண்ணன் வண்டியை நிறுத்த இடம் தேடி நாலு சுற்று சுற்றினார். எஃப்-150 ரேஞ்சரைவிட ஏறக்குறைய 21 அங்குலம் நீளம், கோட்டுக்குள் நிறுத்தினாலும் மூக்கு நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. நான் ஒரே திருப்பில் உள்ளே விட்டேன். போரியஸ் கணவாய்க்கும் ரேஞ்சரில்தான் போனோம். முன்னொரு காலத்தில் நேரோகேஜ் ரயில் போன பாதை அது, இப்போது மண் சாலை, 11,400 அடிக்கு மேல் ஏறுகிறது. எதிரில் ஒரு ஜீப் வந்தால் யாராவது ஒருவர் ஓரம் கட்டணும். அண்ணன் பின்சீட்டில் உட்கார்ந்து ஓரத்தை எட்டிப் பார்த்தபடி வந்தார், "இங்க என் வண்டி வந்திருந்தா அண்ணி எறங்கி நடந்திருப்பா" என்றார். அண்ணி மறுக்கவில்லை.

முகாமில் கான்சஸிலிருந்து வந்த ஒரு தம்பதி, டொயோட்டா டகோமா வைத்திருக்கிறார்கள். அவர்கள் இழுப்பது மேல்பாதி மடங்குகிற சின்னப் பெட்டி, சாமானோடு 3,200 பவுண்டு. காற்றைப் பற்றிக் கேட்டேன். என்ன காற்று என்றார். அவர் பெட்டியின் கூரை வண்டிக் கூரையைவிட ஒரு சாண்தான் உயரம், வண்டியின் நிழலிலேயே பெட்டி ஒளிந்துகொள்கிறது. வண்டியைவிட எடையும் கம்மி. சுரங்கத்துக்கு ஏறும்போது மட்டும் இஞ்சின் கத்தியதாம், 45-இல் ஏறினாராம், அவருடையது டர்போ இல்லாத வி6. எனக்கு மூளைக்குள் என்னமோ ஒன்று ஓட ஆரம்பித்துவிட்டது.

அதற்கு அந்தப் பக்கம் எஃப்-250 டீசல், பின்னால் ஃபிஃப்த் வீல் என்கிற பெரிய ரக ட்ரெய்லர். அதன் கொக்கியே ட்ரக்கின் சாமான் ஏற்றும் தட்டின் நடுவில், பின் ஆக்சிலுக்கு மேல் உட்காரும். அதனால் அவ்வளவு பெரிய பெட்டியும் ஆடாது. அந்த வேலைக்கு ‘அரை டன்’ வகை என்று சொல்லப்படும் எஃப்-150-யே சின்னப்பிள்ளை, என் ரேஞ்சரைப் பற்றிப் பேசவே வேண்டாம். அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அண்ணி உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

வெள்ளி, டில்லன் – கோல்டன்

கடைசிச் சோதனை. அதே 7 சதவீத ஏற்றத்தில் கீழேயிருந்து மேலே, ரேஞ்சரில், பிள்ளைகள் இல்லாமல். சில்வர்தார்னை விட்டதுமே கியர்பெட்டி நாலாவது, மூன்றாவது என்று மாறி மாறித் தேடியது. கையால் மூன்றாவதில் பூட்டினேன். 45. வலது ஓரத்தில் அபாய விளக்கு போட்டுக்கொண்டு ஊரும் லாரிகளுக்குப் பின்னால் நானும் விளக்கைப் போட்டுக்கொண்டேன். சூட்டு முள் நடுவைத் தாண்டி ஏறி, அங்கேயே நின்றது. காற்றாடி ஓடும் சத்தம் ஏசியை மீறிக் கேட்டது. ரேஞ்சர் தோற்கவில்லை, அதை எழுதியாகணும். ஆனால் அதனிடம் கேட்க இனி எதுவும் மிச்சமில்லை என்பதும் தெரிந்தது. பாரம் இன்னும் ஒரு 500 பவுண்டு கூடினாலோ வெயில் 100 டிகிரி இருந்தாலோ நான் ஏறியிருக்க மாட்டேன்.

கிழக்கே இறங்கும்போது கோல்டனுக்கு மேலே லாரிக்காரர்களுக்காக மஞ்சள் பலகைகள் வைத்திருக்கிறார்கள். ஏமாந்துவிடாதீர்கள், இன்னும் 4 மைல் செங்குத்து இறக்கமும் வளைவும் இருக்கு என்று ஒன்று. கொஞ்ச தூரத்தில், நீங்கள் இன்னும் கீழே வந்து சேரவில்லை என்று இன்னொன்று. பாதி இறக்கத்தில் டென்வர் சமவெளி பளிச்சென்று தெரியும், டிரைவர் இறங்கியாச்சு என்று நினைத்து காலைத் தளர்த்திவிடுவார், அதற்காக. அண்ணனுக்கு அந்தப் பலகைகள் ரொம்பப் பிடித்துவிட்டது, வாக்கிடாக்கியில் கொங்குத் தமிழில் மொழிபெயர்த்து வாசித்தார். என் கால் அப்போது பிரேக்கில் இருந்தது, சிரிக்கக்கூட முடியவில்லை.

கோல்டனில் ட்ரெய்லர் கைமாறியது. இங்கிருந்து வீடு வரை எஃப்-150தான்.

திங்கள், வீடு

நேற்று இரவு வந்து சேர்ந்தோம். திரும்பும்போது டால்ஹார்ட் பக்கம் ட்ரெய்லர் டயர் ஒன்று லேசாகக் காற்று இறங்கியிருந்தது, டயரில் ஒரு ஆணி. ட்ரெய்லருக்கு எஸ்டி என்று தனி டயர். அதில் பலவற்றுக்கு வேக வரம்பே மணிக்கு 65 மைல், சாலையில் 75 என்று பலகை இருந்தாலும் டயருக்கு அது தெரியாது. மாற்றிவிட்டு வந்தோம்.

எழுத எழுதப் பலர் கேட்டது ஒன்றுதான், அப்போ பெரிய ட்ரக் வாங்கப் போறீங்களா? இல்லை. அண்ணனின் பெட்டியை வருஷா வருஷம் மலைக்கு இழுப்பதாக இருந்தால் யோசிக்காமல் எஃப்-150, அதுவும் உயர்ந்த மாடல் இல்லை, ஸ்டிக்கரில் 1,800-க்கு மேல் இருக்கிற சாதாரண மாடல். 5,000-க்கு மேல் எடையும் 8 அடி அகலமும் உள்ள சுவரை ரேஞ்சரில் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு டெக்சஸ் காற்றில் போவதற்கு என் தோள் ஒத்துக்கொள்ளாது. சட்டப்படி சரி, கணக்குப்படியும் சரி, ஆனாலும் வேண்டாம். அதேசமயம் நான் வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஆபீஸ் பார்க்கிங்கிலும் காய்கறிக் கடையிலும்தான் வண்டி ஓட்டுகிறேன், அங்கே இந்த ரேஞ்சர்தான் சௌகரியம். கான்சஸ்காரர் மாதிரி கூரை மடங்குகிற பெட்டி ஒன்று டென்டன் பக்கம் விற்பனைக்கு இருக்கிறது, காலி எடை 2,400 என்று போட்டிருக்கிறார்கள். அதை நான் நம்பவில்லை, ட்ரெய்லரின் ஸ்டிக்கரைப் பார்க்கணும். சனிக்கிழமை போகிறோம், அண்ணன் அளவு டேப்போடு வருகிறார்.